ஏணியை ஆட்டினது யார்?

"பிறந்ததிலேருந்து ஒரே அழுகை. கொஞ்சம் பாருங்க சிஸ்டர்" என்றான் குழந்தையின் அப்பா.

நர்ஸ் வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். ஊஹூம். ஆபரேஷன் முடிந்த தாய் இன்னும் மயக்கம் தெளியாமல் தியேட்டருக்குள் இருந்தாள்.

வராந்தா டிவியில் கார்ட்டூன் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரே ஒரு தடவை தலைகாட்டும் எதிர்வீட்டு மீசைக்காரர், வழக்கம்போல ஏணியிலிருந்து விழுந்து, கரகரத்த குரலில் கத்தினார்.

"எவன்டா ஏணியை ஆட்டினது?"

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தியது.

"அடேங்கப்பா! இப்பவே டிவி பைத்தியமா?" நர்ஸ் சிரித்தாள்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் விளம்பரம் வந்தது. குழந்தை மறுபடி வீறிட்டது.

"மீசைக்காரருக்கு நான் எங்கடா போவேன்?" என்று நர்ஸ் அலுத்துக்கொண்டபோது, அவள் முதுகுக்குப் பின்னால் அதே கரகரத்த குரல் கேட்டது.

"எவன்டா ஏணியை ஆட்டினது?"

குழந்தை கப்சிப். நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பினாள். தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர். அதில் தையல் வலியில் முகம் சுளித்தபடி, குழந்தைக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள் தாய்.

"மீசைக்காரருக்கு டப்பிங் இவதான் சிஸ்டர். போன வாரம் வரைக்கும் வயித்தைத் தள்ளிக்கிட்டு மைக் முன்னாடி இதையேதான் கத்திட்டிருந்தா" என்றான் அவன்.

நர்ஸ் குழந்தையைத் தாயின் மார்பில் கிடத்தினாள்.

"டிவிக்குள்ள மீசை வெச்சுக்கிட்டு நின்ன அம்மாவையும் கண்டுபிடிச்சிருச்சே, இந்த வாண்டு!"