பெண் வீட்டு வரிசை

யாருடைய கல்யாணம் என்று தெரியாமலேயே மால்சுக் மொய்க்கவரை நீட்டினாள்.

மாப்பிள்ளை வீட்டு மேசையில் வரிசை லிஃப்ட் வரை நின்றது. பெண் வீட்டு மேசையில் ஈ, காக்கை இல்லை. கண்ணாடி போட்ட ஒருத்தி மட்டும் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். இங்கேதான் கேள்வி குறைவு என்று மால்சுக்குக்குத் தோன்றியது.

கவரில் வாய்க்கு வந்த பெயர் ஒன்றை எழுதியிருந்தாள். கண்ணாடிக்காரி அதைப் படிக்கக்கூட இல்லை. சாப்பாட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டாள்.

சீட்டு கைக்கு வந்ததும் மால்சுக் பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. நேரே கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். அதில் அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. வந்தவர்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள்.

கொரியாவின் சுவோன் நகரத்திலேயே என் கல்யாணத்துக்கு நம் கைக்கு எட்டுகிற மண்டபம் இது ஒன்றுதான் என்று மகள் யேரின் சொல்லியிருந்தாள். சாப்பாடு எப்படி என்று போனில் கேட்டதற்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ருசி பார்க்க விடுவோம் என்றார்கள். பெண்ணைப் பார்க்காமலே நிச்சயம் பண்ணச் சொல்கிற கதை. அதுவும் யாரிடம்? இருபத்திரண்டு வருஷமாகச் சந்தையில் கிம்ச்சி ஊறுகாயும் தொடுகறியும் விற்கிறவளிடம்.

சாப்பாடு அவளுக்கு விளையாட்டு இல்லை.

யேரினின் மாப்பிள்ளை வீட்டில் நூற்றெண்பது பேர் வருகிறார்கள். யேரின் பக்கம் எப்படி எண்ணினாலும் பதினொன்றுதான், அதிலும் இரண்டு பேர் பக்கத்து மீன்கடைக்காரர்கள். மால்சுக்குக்கு விவாகரத்து ஆனபோது புருஷன் பக்கத்துச் சொந்தமெல்லாம் அவனோடு போயிற்று. இவள் பக்கத்துச் சொந்தம் வெட்கப்பட்டு ஒதுங்கிக்கொண்டது. கல்யாணப் படத்தில் மகளுக்குப் பின்னால் வெறும் திரைதான் நிற்கப் போகிறது. அந்த நினைப்பில் மால்சுக் சரியாகத் தூங்கி ஒரு மாதம் ஆகிறது.

ஆளைத்தான் காட்ட முடியாது, சாப்பாட்டையாவது காட்டுவோம் என்று முடிவு செய்திருந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைதான். ஆனால் நல்ல விலா எலும்புச் சூப் அதைக் கொஞ்ச நேரம் மூடிவைக்கும்.

தட்டை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

கிம்ச்சி தொழிற்சாலைச் சரக்கு. உப்புப் போட்டவனுக்கு யார் மேலோ கோபம். கண்ணாடி நூடுல்ஸைக் காலையிலேயே கிளறி வைத்திருக்கிறார்கள், ஊறி மொத்தையாகிக் கிடந்தது. அரிசிக் கேக்கைப் பல்லில் வைத்துப் பார்த்துவிட்டு, பல்தான் முக்கியம் என்று கீழே வைத்தாள்.

சூப்புக்கு வந்தாள்.

எலும்பைத் தொட்டதும் கறி தானாகக் கழன்றது. முள்ளங்கி குழையாமல் வெந்திருந்தது. மேலே எண்ணெய் ஆடை இல்லை. எவனோ ஒரு புண்ணியவான் அடுப்பை விட்டு நகராமல் நின்றிருக்கிறான். மால்சுக் சந்தேகம் தீர இன்னொரு கிண்ணம் வாங்கினாள். மூன்றாவது கிண்ணத்துக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, ஆசைதான்.

இந்த மண்டபமே போதும். கிம்ச்சியை மட்டும் நானே போட்டுக் கொண்டுவருவேன் என்று மேனேஜரிடம் சண்டை போட வேண்டும்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். பெண் வீட்டார் நிற்கிற இடம் எவ்வளவு அகலம் என்று பார்க்க மாடிக்குப் போனதுதான் தப்பு.

வெள்ளைக் கையுறை போட்ட மண்டபத்துக்காரி ஒருத்தி ஓடிவந்து முழங்கையைப் பிடித்தாள்.

"பொண்ணு வீடுதானேக்கா? போட்டோவுக்குச் சீக்கிரம் ஏறுங்க, அந்தப் பக்கம் ஆளே இல்ல."

மால்சுக் இல்லை என்று சொல்வதற்குள், மொய் வாங்கிய கண்ணாடிக்காரி அங்கிருந்தே ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தாள்.

மேடையில் மாப்பிள்ளைக்குப் பின்னால் ஐந்து வரிசை, தோளோடு தோள். பெண்ணுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்புப் பட்டு உடுத்திய அம்மா. பின்னால் அத்தைமார் மாதிரி இரண்டு பேர், காது கேட்காத ஒரு கிழவர். அவ்வளவுதான்.

கையை உதறிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் உதற வந்த கையை இறக்கிக்கொண்டாள். அங்கே நின்ற பெண்ணுக்கும் யேரின் வயசுதான் இருக்கும்.

ஏறிப்போய் நின்றாள். கொஞ்சம் அதிக இடம் அடைக்கட்டும் என்று கைப்பையை இடுப்போடு வைத்து முழங்கையை விரித்துக்கொண்டாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோது, தூக்கி வளர்த்த சித்தி மாதிரி சிரித்தாள். பல்லில் வெங்காயத்தாள் இருக்குமோ என்ற பயம் அப்புறம்தான் வந்தது.

படம் முடிந்ததும் பக்கவாட்டில் நழுவப் பார்த்தாள். பெண்ணின் அம்மா மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி மால்சுக் முழித்தாள். பெண்ணின் பழைய டீச்சர் என்று சொல்லலாமா? எந்த வகுப்பு என்று கேட்டால்?

அந்த அம்மா கிட்டே குனிந்தாள்.

"சூப்பு எப்படி இருந்துச்சு? போன அக்டோபர்ல நானும் ருசி பாக்கத்தான் வந்தேன். யாரோ ஒரு பொண்ணுக்குச் சித்தியா நின்னு படம் எடுத்துக்கிட்டுப் போனேன். உங்க பொண்ணுக்கு எப்போ?"

மால்சுக் தேதியைச் சொன்னாள்.

அத்தைமார் என்று அவள் நினைத்திருந்த இருவரும் போனை எடுத்து அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு தேதி சொன்னார்கள், தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு.