ஐந்தாவது தேசிக்காய்

எண்பத்தெட்டில் மிச்சம் என்ற ஊரில் நீலக் கார் ஒன்று வாங்கியதும் பாலேந்திரா செய்த முதல் வேலை, அதையே உள்ளங்கை அளவு மொடலாக ஒட்டி, மூன்று பூச்சு நீலம் அடித்து, கண்ணாடி அலுமாரியில் வைத்ததுதான்.

சனிக்கிழமை காலை மனைவி கனகாம்பிகை வாசலில் நின்ற காரின் நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தாள். மிஞ்சிய ஒன்றை அலுமாரிக் காரின் முன்சில்லடியில் வைத்தாள்.

"அது விளையாட்டுச் சாமானில்லை எண்டு எத்தனை தரம் சொல்லுறது? புளி பட்டால் பெயின்ற் போயிடுமப்பா!"

"அதுக்கும் நாவூறு படாதே? பேசாமல் போய்க் காரை எடுங்கோ."

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காரை முன்னே உருட்டினார். நசுங்கும் சத்தமே இல்லை. பின்னுக்கு எடுத்து மறுபடி உருட்டினார். இறங்கிப் பார்த்தால் நான்கும் வைத்தபடி உருண்டையாகக் கிடந்தன.

"ஒரு தேசிக்காய் பார்த்து வாங்கத் தெரியாதே உமக்கு?" என்று எரிந்து விழுந்துவிட்டு, ஐந்தாவதை எடுக்க உள்ளே போனார்.

அது தட்டையாக நசுங்கிக் கிடந்தது. விதைகள் பிதுங்கியிருந்தன. நீலப் பூச்செங்கும் புளி தெறித்திருந்தது. மனைவியைத் திட்ட வாயெடுத்தபடி ஜன்னலால் பார்த்தார். காருக்குள் பொறுமையிழந்த மூத்தவள் எட்டி ஹோர்னை அழுத்தினாள்.

சத்தம் அலுமாரிக்குள்ளிருந்து வந்தது.