மூடப்பட்ட கேள்வி

"என் கணவரின் போன் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் பார்ப்பது எப்படி?"

கேள்வி வெளியே வந்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மன்றத்தில் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். பாவம் அந்த மனுஷன் என்றார் ஒருவர். போனைத் தேடுகிற நேரத்தில் புருஷனிடம் நாலு வார்த்தை பேசலாமே என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டுவிட்டுப் போனார்.

செல்போன், கம்ப்யூட்டர் சந்தேகங்களுக்கான இணைய மன்றம் அது. புதிதாகச் சேர்ந்தவர்கள் எது கேட்டாலும் அட்மின் கைபட்டுத்தான் வெளியே வரும். அட்மினுக்கு அங்கே கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர். வணக்கம், நன்றி, சொந்தக் கதை எல்லாவற்றையும் நறுக்கிவிட்டுக் கேள்வியை மட்டும் விடுவார். கதை அளக்காமல் கேள்விக்கு வாருங்கள் என்பது அவரே எழுதி வைத்த முதல் விதி.

இந்தக் கேள்விக்கு முன்னாலும் நீளமாக ஒரு பத்தி இருந்தது. 'வணக்கம், நான் புதுசு' என்று ஆரம்பித்ததைப் பார்த்ததுமே அவர் அதற்கு மேல் படிக்கவில்லை. மொத்தமாகத் தூக்கிவிட்டார்.

இப்போது கேள்வியையும் மூடினார். மூடினால் கீழே காரணம் எழுத வேண்டும். எழுதினார்.

"கட்டினவரை வேவு பார்க்க இங்கே வழி சொல்லித் தரமாட்டோம். சந்தேகம் இருந்தால் நேரில் கேளுங்கள் அம்மா. ஒருத்தருக்கொருத்தர் மறைத்து வாழ்வது ஒரு வாழ்க்கையா?"

அந்தக் கடைசி வரிக்கு மட்டும் நாற்பது லைக் விழுந்தது.

லைக் வாங்கியவர் அப்போது உட்கார்ந்திருந்தது பொது நூலகத்தின் மாடியில், ஜன்னலோர மேஜையில். சலவைச் சட்டை, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. அந்த ஆபீஸ் அவரை வீட்டுக்கு அனுப்பி நாலு மாதம் ஆகிறது. அவர்தான் வீட்டில் சொல்லவில்லை. காலை எட்டரைக்குக் கிளம்புவார். நூலகம், அது இல்லையென்றால் பூங்கா, மழை வந்தால் பஸ் நிலையம். நாலு இடத்துக்கு வேலைக்கு எழுதிப் போடுவார். மீதி நேரத்துக்கு இந்த மன்றம். இங்கேயாவது அவர் பேச்சைக் கேட்க ஆள் இருந்தது.

மனைவி வீட்டில் திரைச்சீலை தைப்பவள். வேறு வேலை கிடைத்ததும், கம்பெனி மாறிவிட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம் என்று இருந்தார். அதுவரை அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயத்திலேயே தினமும் தவறாமல் முகச்சவரம் நடந்துகொண்டிருந்தது. மறைத்து வாழ்வதைப் பற்றி எழுதும்போது அவருக்குக் கை கூசவில்லை. உபதேசம் ஊருக்குத்தானே.

இன்னொரு அட்மினிடமிருந்து செய்தி வந்தது. இந்த அட்மின் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர்.

"அந்தக் கேள்வியை ஏன் மூடினீங்க?"

"புருஷனை உளவு பார்க்கிற கேஸ், டீச்சர். நமக்கெதுக்கு வம்பு?"

"அவங்க எனக்கு எழுதியிருக்காங்க. மேல எழுதினதை யாராவது படிச்சீங்களான்னு கேட்கறாங்க. படிச்சீங்களா?"

"சொந்தக் கதை. விதிப்படி வெட்டினேன்."

"படிக்காம வெட்டணும்னு விதியில இல்லையே சார். பழைய பதிவு அப்படியேதான் இருக்கு. படிச்சுட்டு நீங்களே சொல்லுங்க, மூடணுமா வேணாமான்னு."

வேண்டாவெறுப்பாகத் திறந்தார்.

"வணக்கம், நான் புதுசு. தப்பா கேட்டிருந்தா மன்னிச்சிடுங்க. எங்க வீட்டுக்காரருக்கு வேலை போய் நாலு மாசம் ஆகுது. அவரா சொல்லலை. கூட வேலை பார்த்தவரோட மனைவி ரெண்டாம் நாளே சொல்லிட்டாங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரில் எத்தனையோ பேருக்கு வேலை போகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

"தினமும் அட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பறார். நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி, லேட்டாகுதுன்னு விரட்டறேன். தைச்ச திரைச்சீலையை வீடு வீடா நான்தான் கொண்டுபோய்க் கொடுக்கணும். ஒருதடவை பூங்காவுல பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை நூலகத்துப் படியில தனியா உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தார்."

உள்ளே சாப்பிட விடமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவர் படியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்.

நாலு மாதமாகக் கட்டிக்காத்த மானம் அந்தப் படியிலேயே போயிருக்கிறது. இனி அவள் சும்மா இருப்பாளா? கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போன் இருக்கிற இடத்தைக் கேட்கிறாள். நாலு பேர் பார்க்க இந்த மேஜைக்கு முன்னால் வந்து நிற்கப் போகிறாள். மிச்சத்தைப் படிக்கவே அவருக்குத் தைரியம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் படித்தார்.

"நல்லவேளை, அவர் குனிஞ்சிருந்தார். நான் துணி மூட்டையோட பக்கத்து மருந்துக்கடையில ஏறி, அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் திரும்பி நின்னுக்கிட்டேன். எப்பவும் அப்படித் தப்பிக்க முடியாது. அவர் எங்கே இருக்கார்னு முன்கூட்டியே தெரிஞ்சா, அந்தத் தெருப் பக்கம் நான் போகாம இருந்துக்குவேன்."