பாக்கிக்கு ஒரு வீடு

“பணமா இல்லண்ணே. வீடா வேணும்னா எடுத்துக்குங்க.”

கட்டுமானக் கம்பெனி மேனேஜர் ஜெயப்பிரகாஷ் இப்படிச் சொன்னதும் மணவாளனுக்கு டீ புரையேறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சௌந்தரத்துக்கோ நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

“எந்த வீடு தம்பி?”

“சிதம்பரத்துல நம்ம பி பிளாக் முடிஞ்சிருக்குல்லக்கா, அதுல ஒரு ஃப்ளாட். பாதி வீடு விக்கல. கம்பெனி கையில காசே சுத்தமா இல்ல. கம்பி குடுத்தவரு, பெயின்ட் குடுத்தவரு எல்லாரும் பாக்கிக்கு வீடாத்தான் வாங்கிக்கிட்டாங்க.”

மணவாளனுக்கு நெல்லிக்குப்பம் பக்கம் செங்கல் சூளை. அந்த பி பிளாக் முழுக்க அவர் கல்தான். அந்தப் பணத்துக்காகக் கடலூர் ஆபீசுக்கு நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். ‘அடுத்த வாரம் வாங்கண்ணே’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைத்ததில்லை. இன்றைக்கு நாலு கேள்வி நறுக்கென்று கேட்கிறேன் என்று கூடவே கிளம்பி வந்தவள் சௌந்தரம். அந்தக் கேள்வியெல்லாம் இப்போது எங்கே போனதோ.

“மாமா, எழுந்திரிங்க. இப்பவே போய்ப் பாத்துடலாம்.”

“வீடெல்லாம் எதுக்கு சௌந்தரம்? பணமாவே கேப்போம்.”

“எதுக்கா? கல்யாணம் ஆன நாளா வாடகை வீடு. ஊருக்கே கல்லு குடுக்கறோம், நமக்குன்னு ஒரு சுவரு இல்ல. அந்த வீட்டுக்காரம்மா ஒரு ஆணி அடிக்க வுடுதா?”

மணவாளன் மேனேஜர் பக்கம் திரும்பினார். “பணம்னா எப்ப கிடைக்கும்?”

“உண்மையச் சொல்லட்டுமாண்ணே? எனக்கே ரெண்டு மாசமா சம்பளம் வரல. அந்த வீட்டையும் பைப்புக்காரரு கேட்டுக்கிட்டிருக்காரு. சாயந்திரத்துக்குள்ள சொல்லிடுங்க.”

அவ்வளவுதான். கம்பெனி காரிலேயே மூவரும் சிதம்பரம் போனார்கள். வழி நெடுக சௌந்தரம் பேசிக்கொண்டே வந்தாள். மணவாளன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

லிஃப்ட் இன்னும் வேலை செய்யவில்லை. சௌந்தரம் மூன்று மாடியையும் ஏறவில்லை, ஓடினாள். கதவைத் திறந்ததும் புதுப் பெயின்ட் வாசனை.

“எம்மாடி! ஹாலப் பாருங்க மாமா! நம்ம வீடு மொத்தமும் இதுக்குள்ள அடங்கிடும்.”

“மேற்குப் பாத்த வாசலா இருக்கே.”

“கிழக்குப் பாத்த வாசல்லதான் இம்மாம் நாள் இருந்தோம். இன்னா வாரிக் குடுத்துச்சு?”

“மூணாவது மாடி. உனக்கு வீசிங் வேற.”

“அது சூளைப் புகைக்குத்தான் வரும். அதனாலதான் நான் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல. இங்க காத்து எப்பிடி வருது! ஐயோ, பால்கனிலேர்ந்து கோபுரம் தெரியுது மாமா!”

மணவாளன் மேனேஜரைத் தனியாக இழுத்தார். “ஏ பிளாக்ல ஒண்ணு குடுங்களேன். சின்னதா இருந்தாலும் பரவால்ல.”

“அது எப்பவோ வித்துப் போச்சுண்ணே.”

சௌந்தரத்தின் காதில் அது விழுந்துவிட்டது. “பெருச வுட்டுட்டுச் சிறுசக் கேக்கற ஆள இப்பதான் பாக்கறேன். இவரு பேச்சக் கேக்காதீங்க தம்பி. பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்பிடித்தான். நெறம் கம்மி, வாய் ஜாஸ்தின்னாரு. அப்பறம் இவரேதான் நடையா நடந்து கட்டிக்கிட்டாரு.”

ஜெயப்பிரகாஷ் வாய்விட்டுச் சிரித்தான். மணவாளன் சிரிக்கவில்லை.

அவள் அதற்குள் அறை அறையாகக் குடியேறிக்கொண்டிருந்தாள். “இங்க பீரோ. இங்க சாமி படம். இந்தச் சுவத்துல பெருசா ஒரு ஆணி அடிச்சு எங்கப்பா போட்டோ.”

“ஆணியெல்லாம் அடிக்காத!”

“பாத்தீங்களா தம்பி? சொந்த வீட்டுலயும் எனக்கு ஒரு வீட்டுக்காரம்மா!”

ஜெயப்பிரகாஷ் அக்ரிமென்ட்டை எடுத்து ஜன்னல் கட்டையில் விரித்தான். “பாக்கியவிட வீட்டு விலை ஜாஸ்திதான். வித்தியாசத்துக்கு அடுத்த சைட்டுக்குக் கல்லு இறக்கிடுங்கண்ணே. முதலாளிக்கு உங்க கல்லு மேல அவ்வளவு நம்பிக்கை.”

“கேட்டீங்களா?” சௌந்தரத்தின் முகம் ஜொலித்தது. “நம்ம சூளைக் கல்லுல கட்டுன வீட்டுல நாமளே குடியிருக்கப் போறோம் மாமா. இந்தக் குடுப்பினை எத்தினி பேருக்குக் கிடைக்கும்?”

அவளே பேனாவைத் திறந்து அவர் விரல்களுக்குள் செருகினாள். கையெழுத்து கோணலாக விழுந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு, “கீழ கார்ல இருக்கேன்க்கா” என்று ஜெயப்பிரகாஷ் இறங்கிப் போனான்.

சௌந்தரம் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

“வர்ற வெள்ளிக்கிழமையே பால் காய்ச்சிடணும். ஏன் மாமா, வீடு கிடைச்ச மூஞ்சியா இது? இப்பவாவது சொல்லுங்க, இன்னாதான் உங்களுக்கு?”

படியில் காலடிச் சத்தம் அடங்கும்வரை மணவாளன் காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“இந்தக் கட்டடத்துக்குக் கல்லு கேட்டப்ப இவனுங்க பழைய பாக்கியே தரல. விறகு வாங்கக் கையில காசில்ல. காசு தராதவனுக்கு இது போதும்னு, பாதி வெந்த கல்லாப் பாத்து ஏத்தி அனுப்பிட்டேன் சௌந்தரம்.”

சௌந்தரம் மெல்லச் சுவரிலிருந்து முதுகை எடுத்துக்கொண்டாள்.