விழாத அடி

முப்பது விநாடி எஞ்சியிருந்தது. இருவரின் உயிர்க்கோடுகளும் ஒரு மயிரிழைகூடக் குறையாமல் திரையின் இருபுறமும் பச்சையாக நின்றன.

மூக்கண்டப்பள்ளித் தொழிற்சாலையின் கேன்டீன் கொதித்துக்கொண்டிருந்தது. ஆண்டு விழாவின் வீடியோ கேம் சண்டைப் போட்டி, இறுதி ஆட்டம், ஆளுக்கொரு சுற்று வென்றபின் வந்த மூன்றாம் சுற்று. அதில் ஓர் அடிகூட விழவில்லை என்றால் யார் பொறுப்பார்?

“டேய், சண்டை போடறீங்களா, சம்பந்தம் பேசறீங்களா?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

கோபியின் கட்டைவிரல் வியர்வையில் வழுக்கியது. அவன் தோற்றாக வேண்டும்.

நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டுமே என்று அறிவிக்கப்பட்ட போட்டி அது. கோபியோ ஒப்பந்தத் தொழிலாளி. அவன் கழுத்தில் தொங்கியது நிரந்தரத் தொழிலாளியான நண்பன் ஜெகதீஷின் அடையாள டேக். ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு எழுந்துவிடுவதாகச் சொல்லித்தான் வாங்கி மாட்டினான். ஐந்து ஆட்டம் வென்றுவிட்டான்.

வென்றவர் மேடையேறி டேக்கை ஸ்கேன் செய்ய வேண்டும். பெரிய திரையில் பெயரும் படமும் விரியும். விரிந்தால், நாளைக் காலை ஜெகதீஷும் அவனும் ஆலை வாசலுக்கு வெளியே நிற்பார்கள். தோற்றவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

ஆனால் கை சொன்னதைக் கேட்டதா? முதல் சுற்றை அதுவே வென்று கொடுத்துவிட்டது.

எப்படிக் கேட்கும்? இந்த ஆட்டத்தில் சீட்டு இல்லை, பகடை இல்லை, அதிர்ஷ்டத்துக்கு இருக்கை இல்லை. இருவருக்கும் ஒரே நீளக் கோடு, ஒரே கடிகாரம். வீசிய உதை தவறினால், கண்ணிமைக்கும் நேரம் நெஞ்சு திறந்து கிடக்கும். அந்த நேரத்தைக் கண்டவன் வெல்வான். கண்டவன் ஒப்பந்தமா நிரந்தரமா என்று பொத்தான் விசாரிப்பதில்லை. நான்கு ஆண்டுகள் லைனில் நின்றும் கிட்டாத நீதி அது. அதை ஒருமுறை ருசித்த கை, பொய்யாகத் தோற்க மறுத்தது.

இரண்டாம் சுற்றில், எதிராளியின் உதைக்குள் தானாக நடந்து போய்த்தான் தோற்றான்.

இப்போதும் நடந்தான். காவலை விட்டான். நெஞ்சைத் திறந்து காட்டினான்.

உதை வந்தது. மூக்குக்கு முன்னால் காற்றில் போயிற்று.

மறுபடியும் வந்தது. மறுபடியும் காற்றில்.

இருபது விநாடி.

பக்கத்து நாற்காலிக்காரனைப் பெயின்ட் பிரிவு ஹரீஷ்குமார் என்று அறிவித்திருந்தார்கள். அரையிறுதியில் இதே உதையால் ஒருவரை ஒன்பது விநாடியில் சாய்த்த விரல்கள் அவை. தடுமாறுகின்றனவா? தடுமாறும் கை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறும். இந்த உதைகளோ ஒவ்வொன்றும் ஒரே அளவில், ஓரடி முன்னால், அளந்து வைத்தாற்போல் தவறின. எதிராளியைப் படிப்பதுதான் இந்த ஆட்டம். கோபி படித்தான், படித்ததை நம்ப முடியவில்லை.

திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே பக்கத்து நாற்காலிக்காரன் முணுமுணுத்தான்.

“அண்ணா, அடிச்சுத் தொலைண்ணா. மேல ஏறுனா நான் காலி. என் பேரு ஹரீஷ் இல்லண்ணா, சாஹில். நானும் கான்ட்ராக்ட்தான்.”

கோபி மார்பில் கவிழ்ந்து கிடந்த டேக்கை மெல்லத் திருப்பிக் காட்டினான். அதில் ஜெகதீஷ் சிரித்துக்கொண்டிருந்தான்.

சாஹிலின் விரல்கள் நின்றன. கோபியின் விரல்களும் நின்றன. திரையில் இரண்டு வீரர்கள் மூச்சு வாங்கியபடி ஒருவரை ஒருவர் பார்த்து நின்றார்கள்.

ஐந்து. மூன்று. பூச்சியம்.

இரண்டு கோடுகளும் முழுதாக இருந்தன.

மேடையில் மேலாளர் எழுந்து மைக்கைப் பிடித்தார். அவர் முகத்தில் இருந்தது மெய்யான பூரிப்பு.

“நம்ம பர்மனென்ட் ஆளுங்கன்னா சும்மாவா! ரெண்டு பேருமே ஜெயிச்சாச்சு. டேக்க எடுத்துக்கிட்டு மேல வாங்கப்பா!”