குலுங்காத கார்

தெப்ராவ் ஊரிலுள்ள டயர் கடை வாசலில் காரை நிறுத்தி இறங்கிய ரொனால்டின் கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணே, என்னோட பழைய பெரிய அலாய் ரிம்மையே திரும்ப மாட்டுங்க."

கடைக்காரர் ஜெயசங்கர் திகைத்தார். "அலமாக்! சொகுசா போகணும்னு நீதானே போன வாரம் சின்ன ஸ்டீல் ரிம்மும் தடிச்ச டயரும் மாட்டச் சொன்ன? இப்ப என்ன, குலுங்குதா?"

"குலுங்கவே மாட்டேங்குது! அதான் பிரச்சினை. ஒரு வாரமா வீட்டுல யாருக்கும் தூக்கமில்ல."

பைத்தியமோ என்று நினைத்தபடியே மாட்டிக் கொடுத்தார். மாலையில் மனம் கேட்காமல் போன் செய்தார்.

"இப்ப எப்படி தம்பி?"

"மெதுவா பேசுங்கண்ணே," ரொனால்ட் கிசுகிசுத்தான். "நல்லா தூக்கித் தூக்கிப் போடுது. மூணாவது வேகத்தடை மேட்டுலயே தூங்கிட்டான்."

"யாரு?"

"என் மகன்தான். பொறந்து மூணு மாசம். பக்கத்துல அவன் அம்மாவும் குறட்டை விடுறா. நிறுத்தினா ரெண்டு பேரும் முழிச்சுக்குவாங்கன்னு ஓட்டிக்கிட்டே இருக்கேன். அறுபது கிலோமீட்டருக்கு மேல ஓட்டி, பொந்தியான் ஊரையே தாண்டிட்டேண்ணே!"