பின்னால் வந்தவன்

“திரும்பிப் பாக்காத. ஒரு ஆள் நம்ம பின்னாடியே வர்றான்” என்றாள் பெரியவள், முகத்தில் இருந்த சிரிப்பை மாற்றாமல்.

சின்னவள் திரும்பவில்லை. சங்கும் சிப்பியும் பரப்பியிருந்த கடைப் பலகையைப் பார்த்தபடியே, “நம்மளை மாதிரி சுத்திப் பாக்க வந்தவங்களா இருக்கும். விடுக்கா” என்றாள்.

தங்கைக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். பெரியவளுக்கு இப்போதுதான் லீவு கிடைத்து, தங்கை குடியிருக்கும் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்திருக்கிறாள். “வந்ததுலேர்ந்து நாலு சுவரையே பாத்துட்டிருக்கீங்களே அண்ணி, அவளையும் கூட்டிக்கிட்டு நிதானமா ஒரு சுத்து சுத்திட்டு வாங்க” என்று காலையில் தங்கையின் கணவர்தான் வலியச் சொல்லி அனுப்பிவைத்தார். தங்கமான மனுஷன். சாப்பிட்டாச்சா, வெயிலில் நிற்காதீர்கள் என்று மணிக்கொரு தரம் போன் வேறு.

பின்னால் வந்தவன் பச்சைச் சட்டை போட்டிருந்தான். கலங்கரை விளக்கத்து வாசலில் நின்றான். ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். ஆனால் ஐஸ்கிரீம் வாங்கவில்லை. இப்போது இரண்டு கடை தள்ளி, பொம்மையைக் கையில் எடுத்து விலை கேட்பதுபோல் பாவனை பண்ணிக்கொண்டிருந்தான். பத்து வருஷமாக வார்டில் நோயாளிகளைக் கவனித்துப் பழகிய நர்ஸ் பெரியவள். அவள் கண்ணை ஏமாற்ற முடியுமா?

“வா, போயிடலாம்.” தங்கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, படகுத்துறைப் பக்கம் வேகமாக நடந்தாள். கூட்டத்தில் கலந்துவிடலாம் என்று நினைத்தது தப்பாகப் போயிற்று. உச்சி வெயிலுக்குத் துறையில் ஒரு ஈ காக்கை இல்லை. கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போன சந்து, ஐஸ் கிடங்கின் பின்சுவரில் போய் முட்டி நின்றது.

வந்த வழியே திரும்பினால், சந்தின் வாயில் பச்சைச் சட்டை.

பெரியவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பழக்க தோஷம், அவள் விரல்கள் தங்கையின் நாடியைத் தேடின. அது பாட்டுக்குச் சீராக அடித்துக்கொண்டிருந்தது. கரப்பான் பூச்சியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிறவளுக்கு எங்கிருந்து வந்தது இத்தனை தைரியம்!

“இரு, உன் வீட்டுக்காரருக்கு போன் போடறேன்.”

“வேணாம்க்கா! அவர்கிட்ட மட்டும் சொல்லாத!”

இப்போது நாடி குதிரை வேகத்தில் ஓட ஆரம்பித்தது. பாவம், வேலை நேரத்தில் புருஷன் பதறிவிடுவாரே என்று கவலைப்படுகிறாள் போலிருக்கிறது. பெரியவள் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் இல்லை. எண்ணை அழுத்தினாள்.

“தம்பி, எவனோ ஒருத்தன் காலையிலேர்ந்து பின்னாலயே வர்றான். இங்க ஐஸ் கிடங்குக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டோம். சுத்தி ஆளே இல்ல, பயமா இருக்கு.”

“ஐயோ, பயப்படாதீங்க அண்ணி. அங்கேயே நில்லுங்க, நான் பாத்துக்கறேன்.”

போன் வைக்கப்பட்டது. அவர் வந்து சேர எப்படியும் அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை? பெரியவள் கீழே கிடந்த உடைந்த துடுப்பை எடுத்துக்கொண்டு தங்கையைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். “கிட்ட வந்தே, மண்டையப் பொளந்துடுவேன்!” குரல் பாதி காற்றாகத்தான் வந்தது.

பச்சைச் சட்டைக்காரன் ஓரடி எடுத்து வைத்தான். உடனே நின்றான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தான். எதிர்முனை சொன்னதைக் கேட்டு இரண்டு முறை தலையாட்டினான். பிறகு இவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் திரும்பி, விறுவிறுவென்று நடந்து சந்து முனையில் மறைந்துபோனான்.

துடுப்பு கையிலிருந்து நழுவியது. பெரியவள் ஒரு படகின் மேல் பொத்தென்று உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக மூச்சு வாங்கினாள்.

“போய்ட்டான்டி! தம்பிகிட்ட சொன்னோமோ இல்லையோ, துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடிட்டான் பாத்தியா!”

சின்னவள் உட்காரவில்லை. அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இவனாவது எனக்குப் பழகிட்டான்க்கா. இனிமே அவரு புது ஆளை அனுப்புவாரு.”